தபாற் கட்டணத்தில் இரு கழிவுகள்

புத்தளத்து உப்பை மூடையாக வாங்குபவர் கொடுக்கும் விலையைக் கிலோக் கணக்கிற் பிரித்துப் பாருங்கள். கடையில் ஒரு பொதி உப்புக்கு உம்மா கொடுக்கும் விலையைவிட அது குறைவாகவே இருக்கும். மூடையாக விற்பவருக்குச் சிறிது சிறிதாக நிறுத்துப் பொதி செய்யும் வேலை இல்லை. அந்த வேலை மிச்சமாவதால் விலை குறைகிறது. வணிகப் பிரிவில் கற்கும் நாம் இதனை வியாபாரக் கழிவு என்று படித்திருக்கிறோம்.

தபாற் சேவையிலும் இத்தகைய கழிவு உண்டு. ஆயினும் அங்கே இன்னொரு கழிவும் இருக்கிறது. அதை உப்பு மூடையைக் கொண்டு விளக்க முடியாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால்தான் தபாற் கட்டணத்தின் நியாயம் நமக்கு விளங்கும்.

முதலில், ஒரு கடிதத்துக்கு ஏன் செலவாகிறது என்று பார்ப்போம். தூரம்தான் காரணம் என்றே பலரும் நினைக்கிறோம். பிரித்தானியாவில் ரோலண்ட் ஹில் என்பவர் 1837இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்வதற்கான கிரயம் ஒரு பென்னியின் 36இல் ஒரு பங்குதான் என்று அவர் கண்டார். சேகரித்தல், வகைப்படுத்தல், கணக்கு வைத்தல், வீடு தேடிச் சென்று கொடுத்தல் ஆகியவற்றுக்கே அதிகம் செலவாகியது. எனவே தூரத்தைப் பாராமல் ஒரே கட்டணம் அறவிடலாம் என்றார். 1840இல் அங்கு ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியானது. இன்றும் புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கு அனுப்பினாலும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் சாதாரண கடிதத்துக்கு ஒரே முத்திரைதான்.

முதலாவது கழிவு இங்கிருந்தே பிறக்கிறது. செலவின் பெரும்பகுதி கையாளும் வேலையில் இருக்கிறது. அந்த வேலையில் ஒரு பங்கை அனுப்புபவரே செய்து கொடுத்தால் தபால் திணைக்களத்தின் செலவு குறையும். ஒரு வங்கி ஆயிரம் கடிதங்களை ஒரே அளவில், ஒரே எடையில் தயாரித்து, ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டி, மொத்தமாகக் கொண்டுவந்து தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் முத்திரை ஒட்டி அடிக்க வேண்டியதில்லை. பிரிக்கும் மேசையில் ஆயிரம் தடவை கை படவும் தேவையில்லை. மிச்சமான அந்த உழைப்பில் ஒரு பகுதி, மொத்தத் தபாலுக்கான குறைந்த வீதமாக அனுப்பியவருக்கே திரும்புகிறது. இது தானமன்று, செய்த வேலைக்கான கூலி.

இதற்குத் தபாற் குறியீடு பெரிதும் உதவுகிறது. சிலாபம் 61000, புத்தளம் 61300, கற்பிட்டி 61360. முதல் இரு இலக்கங்களைக் கண்டவுடனேயே கடிதம் எந்தத் திசைக்கு உரியது என்பது தெரிந்துவிடும். கரைதீவு என்ற பெயரில் நமது மாவட்டத்தில் ஓர் ஊரும் அம்பாறை மாவட்டத்தில் இன்னோர் ஊரும் உண்டு. குறியீடு எழுதாத கடிதம் எந்தக் கரைக்குப் போய்ச் சேருமோ! அமெரிக்காவில் 1963இல் ஐந்து இலக்கக் குறியீடு வந்தது. அதன்படி பிரித்துக் கட்டித் தரும் மொத்த அனுப்புநர்களுக்கு அங்கே குறைந்த வீதம் வழங்கப்படுகிறது.

இரண்டாவது கழிவு வேறு வகையானது. இங்கே அனுப்புபவரின் உழைப்பு அளக்கப்படுவதில்லை. உறையினுள் என்ன இருக்கிறது என்பதே பார்க்கப்படுகிறது. அமெரிக்கச் சட்டமொன்று 1879இல் தபாலை நான்கு வகுப்புகளாக வகுத்தது: கடிதங்கள், பருவ இதழ்கள், ஏனைய அச்சுப் பொருட்கள், பண்டங்கள். பருவ இதழ்களுக்குத் தனிச் சலுகை கிடைத்தது. செய்தியும் அறிவும் தூரத்து மக்களுக்கும் எட்ட வேண்டும் என்று சமூகம் எடுத்த முடிவு அது. நம் நாட்டு நாளேடுகளின் ஓர் ஓரத்தில், தபால் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டது என்ற குறிப்பைச் சிறிய எழுத்தில் காணலாம். அடுத்த முறை பத்திரிகை கையில் கிடைத்தால் தேடிப் பாருங்கள். இந்தியாவில் சாதாரண கடிதத்துக்கு 5 ரூபா அறவிடப்பட்ட காலத்தில், பதிவு பெற்ற செய்தித்தாளை 50 கிராம் வரை 25 பைசாவுக்கு அனுப்ப முடிந்தது. பார்வையற்றோருக்கான பிரெயில் நூல்களுக்கு, விமானக் கட்டணம் தவிர்ந்த தபாற் கட்டணத்திலிருந்து உலக அஞ்சல் ஒன்றியம் விலக்களித்துள்ளது. எந்த உப்பு வியாபாரியும் இப்படிக் கழிவு கொடுக்கமாட்டார்!

இந்தச் சலுகைக்கும் ஒழுங்குகள் உண்டு. அச்சுப் பொருளுக்கான உறையினுள் சொந்தக் கடிதம் வைக்கக்கூடாது. நலம் விசாரித்து நான்கு வரி எழுதி உள்ளே வைத்துவிட்டால் அது கடிதமாகிவிடும். கடிதத்துக்குரிய கட்டணமும் கேட்கப்படும். சலுகை வாசிப்புக்கே உரியது என்பதால் இது நியாயமானதே.

இவ்விரு கழிவுகளையும் ஒன்றெனக் கருதினால் என்ன நேரும்? மிச்சமாகும் செலவை மட்டுமே பார்க்கும் கணக்கில், புத்தகத்துக்கான சலுகை வெறும் நட்டமாகவே தெரியும். இந்தியாவில் 2024 டிசம்பரில், நெடுங்காலம் இருந்துவந்த புத்தகத் தபால் வகை திடீரென நிறுத்தப்பட்டது. பதிப்பாளர்களும் வாசகர்களும் வருந்திக் குரலெழுப்பினர். பின்னர் 2025 மே 1 முதல் ‘கியான் போஸ்ட்’ என்ற புதிய சேவை தொடங்கியது. அதில் 300 கிராம் வரையான புத்தகத்துக்கு 20 ரூபாவும், 5 கிலோ வரை 100 ரூபாவும் கட்டணம். ஆனால் பருவ இதழ்களுக்கு அதில் இடமில்லை. ஒரு சிற்றிதழை நடத்துபவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விடயம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் 2022 ஓகஸ்ட் 15 முதல் சாதாரண கடிதத்தின் ஆகக் குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. ஒரு கல்லூரி தன் பழைய மாணவியர் 200 பேருக்கு ஓர் அழைப்பிதழ் அனுப்புவதானால், முன்பு 3,000 ரூபா போதுமாக இருந்தது. அந்த உயர்வின் பின் 10,000 ரூபா தேவைப்பட்டது. எடை கூடிய சஞ்சிகைக்கு இன்னும் கூடும். கைப்பேசியில் அனுப்பிவிடலாமே என்று பெற்றோர் கேட்கலாம். மணமுடித்துக் கற்பிட்டிக்குச் சென்ற என் ராத்தாவும் ஒரு பழைய மாணவிதான். கைப்பேசியில் வருவதை அவர் மட்டுமே பார்ப்பார். அச்சுப் பிரதி போனால் அவரது மாமியும் மதினிமாரும் வாசிப்பர். பின்பு அது அடுத்த வீட்டுக்கும் போகும். புத்தகக் கடை இல்லாத கரையோரக் கிராமத்துப் பெண்ணின் வாசலுக்கு எழுத்தைக் கொண்டுவந்து தருபவர் தபாற்காரரே.

ஆகவே சஞ்சிகைக் குழுவில் இருக்கும் தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அச்சிடுவதற்கு முன்பே தாளின் எடையைப் பாருங்கள். ஒரு சில கிராம் கூடினாலும் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடலாம். ஒவ்வொரு முகவரியிலும் தபாற் குறியீட்டை எழுதுங்கள். ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டுங்கள். அனுப்புநர் முகவரியை மறவாதீர்கள். பிறகு தபாலதிபரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: “மொத்தமாகத் தந்தால் என்ன வீதம்? அச்சுப் பொருளுக்கு என்ன வீதம்?”

முதற்கழிவை நம் கைகளாலேயே உழைத்துப் பெறலாம். இரண்டாவது கழிவோ வாசிக்கும் சமூகம் ஒன்று இருக்கும்வரைதான் நிலைக்கும். சந்தா செலுத்துவோரும் வாசிப்போரும் குறைந்துவிட்டால், அந்தச் சலுகை எதற்கு என்று யாரும் கேட்கலாம். அந்தக் கேள்விக்குரிய விடை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கட்டும்.