அகலத்திரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திரை அகன்றால் காட்சியும் பெருகும் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஆனால் விகிதம் என்பது திரையின் வடிவத்தைச் சொல்லுமேயன்றி, அதன் விஸ்தீரணத்தைச் சொல்வதன்று.

நம்பிக்கை: படத்தின் மேலும் கீழும் தோன்றும் கறுப்புப் பட்டைகள் காட்சியை விழுங்கிவிடுகின்றன.

உண்மை: பட்டை இருக்கும்வரைதான் படம் முழுமையாக இருக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் சித்திரமாகிய ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்று, உயரத்தைப்போல் ஏறக்குறைய 2.35 மடங்கு அகலமுள்ள ஒன்றை, 16:9 விகிதமுள்ள டி.வி.யில் இடைவெளியின்றி நிரப்ப விரும்பி ரிமோட்டில் ‘ஜூம்’ பொத்தானை அழுத்துவோமாயின், பட்டைகள் மறைவதோடு, அகலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு இருபுறமும் வெட்டுண்டு, சபையின் ஓரத்தில் நிற்பவருடைய குரல் மட்டும் கேட்க, ஆளைக் காணாத விபரீதம் நேரும். ‘பராசக்தி’ (1952) போன்ற பழைய சித்திரங்களுக்குப் பட்டைகள் பக்கவாட்டில் வரும்; அவற்றை இழுத்து நிரப்பினாலோ முகங்கள் மூன்றிலொரு பங்கு பருத்துவிடும்.

நம்பிக்கை: 16:9 மனிதக் கண்ணின் இயல்பை ஆராய்ந்து வகுக்கப்பட்ட விகிதம்.

உண்மை: 1950-களின் தொடக்கத்தில், டெலிவிஷன் பெட்டியின் முன் அமர்ந்துவிட்ட ஜனங்களை மீண்டும் அரங்குக்கு இழுக்கும் உபாயமாகவே ஹாலிவுட் அகலத்திரையை நாடியது, 1953-இல் வந்த ‘தி ரோப்’ என்னும் முதல் சினிமாஸ்கோப் சித்திரம் அந்த வியாபாரப் போட்டியின் விளைவே. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், வழக்கிலிருந்த விகிதங்கள் ஒவ்வொன்றிலும் சம பரப்புள்ள செவ்வகங்களை அமைத்து, மையம் பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, அனைத்தையும் அடக்கும் வெளிச்சட்டமும் அனைத்துக்கும் பொதுவான உட்சட்டமும் ஏறக்குறைய 1.78 என்ற ஒரே விகிதத்தில் அமையக் கண்டார். அச்சமரசத்தின் பயனே 16:9. எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்துவதே அதன் நோக்கமாதலால், பெரும்பாலான சித்திரங்களுக்கு ஏதேனும் ஒரு பக்கம் பட்டை எஞ்சுவது சகஜம்.

நம்பிக்கை: அங்குலம் சமமானால் திரையும் சமம்.

உண்மை: கடைக்காரர் சொல்லும் அங்குலம் மூலைவிட்டத்தின் நீளம். 32 அங்குலப் பழைய 4:3 திரையின் பரப்பு சுமார் 491 சதுர அங்குலமாயிருக்க, அதே 32 அங்குல 16:9 திரையின் பரப்பு சுமார் 437 மட்டுமே. மூலைவிட்டம் மாறாதிருக்க, அகலம் கூடக் கூட உயரம் குன்றிப் பரப்பும் சுருங்குகிறது. ஆகையால், மிக அகன்ற மானிட்டரை விலைபேசுவோர் அங்குலத்தோடு நில்லாமல், அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே கேட்டறிவது உசிதம்.