நேபிள்ஸ் நகரின் பீட்சாக் கடைகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பீட்சா என்றதும் குளிரூட்டப்பட்ட அறையும், கண்ணாடிக் கதவும், நம் சட்டைப்பையை மிரட்டும் விலைப்பட்டியலும் நினைவிற்கு வருகின்றன. ஆனால், அது பேர்பெற்ற ஊரிலோ அது கூலிக்காரரின் உணவாக இருந்தது. இத்தாலியின் தென்பகுதியில், வெசூவியஸ் எரிமலைக்கு அருகில் உள்ள துறைமுக நகரமாகிய நேபிள்ஸே அவ்வூர். அங்கே செல்வோர் எக்கடையில் உண்ணலாம் என்பதை நூல்களில் படித்தறிந்த அளவில் எழுத முற்படுகிறேன். (நான் இன்னும் சென்னையையே தாண்டியவன் அல்லன்!)

பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாண்டர் டூமா, 1843இல் வெளிவந்த தம் பயண நூலில் நேபிள்ஸ் ஏழைகள் குளிர்காலத்தில் பீட்சா உண்டு வாழ்வதை விவரித்துள்ளார். அங்கு ‘எட்டு பீட்சா’ என்று ஒன்று இருந்தது. எட்டு நாளைக்கு முன் சுட்ட பழைய பீட்சா அது என்று டூமா எழுதிவிட்டார். உண்மையில் இன்று உண்டுவிட்டு எட்டாம் நாள் காசு கொடுப்பதே அதன் பொருள். பெரிய எழுத்தாளர்தாம், ஆயினும் கடைக்காரரின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் படவில்லை போலும்! மளிகைக் கடனை நோட்டில் எழுதி வைத்து, கூலி வந்ததும் தீர்க்கும் வீட்டில் பிறந்த என்போன்றோர்க்கு இதை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. 1954இல் வெளிவந்த ‘நேபிள்ஸின் தங்கம்’ என்னும் இத்தாலியத் திரைப்படத்தில் சோபியா லாரன் கடனுக்குப் பீட்சா விற்கும் பெண்ணாகவே நடித்தார்.

இனி அடுப்பிற்கு வருவோம். மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கே பொருள்கள். பிசைந்த மாவு பல மணி நேரம் புளிக்கிறது. ஈஸ்ட் வெளியிடும் கார்பன்-டை-ஆக்சைடு அதனுள் குமிழிகளாகத் தங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் பதிவு செய்த முறைப்படி, விறகு அடுப்பின் தளம் ஏறக்குறைய 485 டிகிரி சென்டிகிரேடு இருத்தல் வேண்டும். வேகும் நேரம் 60 முதல் 90 விநாடிகளே! அவ்வெப்பத்தில் நீர் சட்டென்று ஆவியாகி ஓரத்தை உப்பச் செய்கிறது; மேற்புறத்தில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலார் மயார் 1912இல் விளக்கிய வினை இதுவே. உட்புறம் காய்வதற்குள் வெந்து முடிவதால் மென்மை கெடுவதில்லை. 250 டிகிரி வீட்டு அடுப்பில் நெடுநேரம் வைத்தால் ஈரம் போய் ரொட்டி விறைத்துவிடும். நேபிள்ஸ் பீட்சா நான்காக மடித்து, தெருவில் நின்றபடியே உண்ணத்தக்கது. விறைத்த ரொட்டி மடியுமா?

கடைகளுள் மிகப் பழையது போர்ட் ஆல்பா. 1738இல் தெரு வியாபாரிகளுக்காகத் தொடங்கி, 1830இல் மேசை நாற்காலி இட்ட கடையாயிற்று என்பர். பிராண்டி என்னும் கடையில், 1889இல் அரசி மார்கரிட்டாவுக்குப் பீட்சா செய்து அனுப்பியமைக்கு வந்த பாராட்டுக் கடிதம் காட்டப்படுகிறது. அக்கடிதத்தின் உண்மையை ஆய்வாளர் ஐயுறுகின்றனர். அரசி உண்டதனால்தான் ஏழையின் உணவு உயர்ந்தது என்னும் கதை எனக்கும் உவப்பாயில்லை. டிரிபுனாலி தெருவிலுள்ள சொர்பில்லோ 1935இல் தோன்றியது, எப்போதும் கூட்டம்.

ஒரே கடைக்குத்தான் செல்ல இயலுமென்றால், 1870 முதல் நடந்துவரும் ‘தா மிக்கேலே’வையே பரிந்துரைப்பேன். நெடுங்காலம் அங்கே மரினாரா, மார்கரிட்டா என இரண்டே வகைகள்தாம் கிடைத்தன. எண் எழுதிய சீட்டு வாங்கிக்கொண்டு வாயிலில் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் மரினாராவையே கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஆரிகானோ, ஆலிவ் எண்ணெய் இவ்வளவே. பாலாடைக் கட்டி கிடையாது. மாவு சரியாகப் புளிக்காவிட்டாலும், அடுப்புச் சூடு குறைந்தாலும், அதை மறைக்க அதன்மேல் ஒன்றும் இராது.