முதல் இழைப்புளி வாங்கும்போது

தொழிற்கருவி உதவி கேட்டு வந்த ஒரு தம்பிக்கு, அவர் விரும்பியபடியே மின்சார இழைப்புளி வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு உணவு டெலிவரிக்குப் போய்விட்டார். ஒரு வீட்டின் தேக்குக் கதவில் பள்ளம் விழுந்து, அந்த நஷ்டம் அவர் கூலியில் பிடிக்கப்பட்டதாம். தவறு விசாரிக்காமல் வாங்கிய நம்முடையது. பிறகு மூத்த ஆசாரிகளிடம் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

மின்சார இழைப்புளியில் அலகு சுழன்று வெட்டும். கை பழகாதவர் பலகையின் தொடக்கத்திலும் முடிவிலும் அழுத்தம் மாற்றத் தெரியாமல் அதிகமாகச் சீவிவிடுவார். கை இழைப்புளியில் தவறு மெல்லத்தான் நடக்கும். திருத்த நேரம் இருக்கும்.

மர இழைப்புளி மலிவு. ஆனால் ஆப்பைத் தட்டி அலகை நிறுத்துவதே ஒரு தனி வித்தை. அருகில் உஸ்தாத் இருந்தால் அதை வாங்கலாம். தனியாகப் பழகுபவருக்கு, திருகு வைத்து ஆழம் மாற்றும் இரும்பு இழைப்புளி நல்லது. அதில் நான்காம் நம்பர் ஏறக்குறைய 10 அங்குலம், ஐந்தாம் நம்பர் 14 அங்குலம். இரண்டிலும் அலகு பொதுவாக 2 அங்குல அகலம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஐந்தாம் நம்பர். குட்டையானது பலகையின் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கும். நீளமானது பள்ளத்தின் மேல் பாலம்போல் நின்று மேட்டை மட்டும் சீவும். நான்காம் நம்பர் கடைசி மெருகுக்கு, பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும் என்பதால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்வார்கள். அந்த நுணுக்கத்துக்குப் பழகிய கைகள் அவர்களுடையவை.

உக்கடம் பக்கம் பழையது வாங்குவதானால், ஸ்டீல் ஸ்கேலை அடிப்பரப்பில் நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். வாய் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம். அலகின் மேல் அமரும் தகடு இடைவெளியில்லாமல் படிய வேண்டும். இல்லையென்றால் சீவல் அங்கே சிக்கும். மேல்துரு பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும்.

புதியதும் கடையிலிருந்து வந்தபடியே வெட்டாது. சாணைக்கல் இல்லாமல் இழைப்புளி வாங்குவது பேனா வாங்கி மை வாங்காததுபோல. அலகின் முதுகைக் கல்லில் சமமாக்கி, முனையை 25 முதல் 30 டிகிரி சரிவில் தீட்டி, பிசிறை எடுங்கள். மர ரேகை ஏறும் திசையில் தள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளினால் நார் பெயர்ந்து வரும்.

எல்லாம் பிளைவுட்டும் மைக்காவுமான காலத்தில் இது எதற்கு என்கிறார்கள். மழைக்காலத்தில் உப்பிச் சாத்த முடியாத கதவுகளை யார் சீவித் தருவது? பையனை ஆசாரி வேலைக்கா அனுப்புவது என்று தயங்கும் பெற்றோரும் உண்டு. ஸகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி.

35 வயது நிறைந்தவர்கள் அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்துக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். கடனில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். இளையவர்கள் நம்மிடம் மனு தரும்போது சாணைக்கல்லையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தத் தம்பிக்காக ஐந்தாம் நம்பர் ஒன்றைத் தீட்டி அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறோம். அவரை அறிந்தவர்கள் சொல்லி அனுப்பவும்.