அவருடைய ஒரு நாளைக் கேளுங்கள்

தம்பிகளே, தங்கைகளே,

மருத்துவக் கல்லூரி வார்டிலிருந்து திருமங்கலத்தில் உள்ள என் கிளினிக்குக்கு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். ஊருக்குள் வந்து கற்பது புதிய யோசனை இல்லை. 1946-லேயே சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, மருத்துவ மாணவர்களுக்கு மூன்று மாதம் தடுப்பு, சமூக மருத்துவப் பயிற்சி வேண்டும் என்றது. 2021-22-ல் சேர்ந்தவர்கள் முதல் ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையம். வார்டில் நோயைப் பார்த்தீர்கள். அந்த நோயோடு ஒருவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதை இங்கே பார்ப்பீர்கள். நாற்பது வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்.

1. முதலில் நோயாளியுடைய நாளைக் கேளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் மல்லிகைத் தோட்டத்துக் கூலிக்காரம்மா ஒருவருக்குச் சுகர் குறையவே இல்லை. கிளிபென்கிளமைடு மாத்திரையைக் கூட்டி எழுதினேன். "காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்கம்மா" என்றேன். நாலாம் நாள் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தார். வெயில் ஏறுமுன் மொட்டைப் பறித்தால்தான் பூ சந்தைக்குப் போகும். அதனால் மூன்று மணிக்கே எழுந்து, மாத்திரையை விழுங்கி, வெறும் டீயோடு போயிருக்கிறார். சோறு பத்து மணிக்கு. நான் எழுதிய "காலை" வேறு, அவருடைய காலை வேறு. எத்தனை மணிக்கு எழுவீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்காமல் அன்று முதல் நான் சுகர் மாத்திரை எழுதியதில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

2. மஞ்சப்பையைக் கொட்டிப் பாருங்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "வெள்ளை மாத்திரை" என்றுதான் பதில் வரும். பையோடு வரச் சொல்லி, மேஜையில் பரப்பி, அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 2021-ல் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்த ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபின் ஒரு அட்டை; தனியார் மருந்துக்கடையில் வேறு பெயரில் வாங்கிய அதே அம்லோடிபின் இன்னொரு அட்டை. இரண்டையும் விழுங்கிவிட்டு, கால் வீங்குகிறது என்று வந்து நிற்பார். வீக்கத்துக்கு மூன்றாவது மாத்திரை எழுதுவதற்கு முன் பையைப் பாருங்கள்.

3. யாரை உடனே அனுப்புவது என்று தெரிந்துகொள்ளுங்கள். கரிசல் காட்டில் கண்ணாடி விரியன் உண்டு. பாம்பு கடித்து வந்தவருக்கு இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசைய விடாமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. அங்கே சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். நெஞ்சுவலிக்கும் இதே அவசரம்தான். கடித்த அல்லது வலி தொடங்கிய நேரம், வந்த நேரம், நீங்கள் கொடுத்த மருந்து மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். மறுநாள் வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.

4. காதில் விழுந்ததை அங்கேயே விடுங்கள். மாமியாரும் மருமகளும் நம்மிடம்தான் வருவார்கள். ஒருத்தி சொன்னது மற்றவளுக்குத் தெரியக் கூடாது. கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லி, இரண்டு நிமிடம் தனியாகக் கேளுங்கள். டீக்கடையில் ஒரு தடவை வாய் தவறினால், அந்தத் தெருவே உங்களிடம் உண்மை சொல்வதை நிறுத்திவிடும்.

5. தத்தெடுத்த வீட்டுக்குத் திரும்பப் போங்கள். முதல் தடவை நாற்காலி போட்டுக் கலர் வாங்கிக் கொடுப்பார்கள். நோயைச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் தடவை திண்ணையில் உட்கார வைத்து, அப்பத்தா இரவில் பாத்ரூம் போகப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று சொல்வார்கள். படிவம் நிரம்பிவிட்டது என்று முதல் தடவையோடு நின்றவருக்கு இது கடைசி வரை தெரியாது.

6. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தூங்குமுன், இன்று பார்த்தவர்களில் ஒருவருடைய நாளை விடியலிலிருந்து எழுதிப் பாருங்கள். எழுதும்போது எந்த மணியில் கை நிற்கிறதோ, மறுநாள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது. அந்த மல்லிகைத் தோட்டத்து அம்மாவின் மூன்று மணி, என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.