‘இங்கிஹ்’ என்றால் சம்மதமா?

இந்தோனேசியாவில் 700-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர்கள் எடுத்த உறுதிமொழி மலாய் வழிவந்த பஹாசா இந்தோனேசியாவை ஒற்றுமையின் மொழியாக ஏற்றது. மிக அதிகமானோர் பேசிவந்த ஜாவானிய மொழி அந்த இடத்தைப் பெறாததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று, எதிரில் இருப்பவர் தமக்கு மேலா கீழா என்று தீர்மானிக்காமல் அதில் ஒரு வாக்கியத்தைக்கூடத் தொடங்க இயலாது என்பதாகும். பஹாசாவை மட்டும் கற்று ஜாவாவுக்குச் செல்பவர் முதலில் உணர வேண்டியது, அங்குள்ளோர் பஹாசாவில் பேசும்போதும் அந்த மேல்-கீழ் அடுக்குகள் உள்ளே இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதே.

ஜாவானிய மொழியில் நெருங்கியோரிடமும் இளையோரிடமும் பேசும் நடை ‘ங்கோகோ’; மரியாதை நடை ‘கிரமா’. இது தமிழில் ‘கிரமம்’ என வழங்கும் அதே வடசொல்தான். ‘சாப்பிடு’ என்பதற்கு ங்கோகோவில் ‘மங்கான்’, கிரமாவில் ‘நெதா’. பெரியவர் உண்பதைக் குறிக்கும் உயர் சொல் ‘தஹார்’. இந்த உயர் சொற்களை ஒருவர் தமக்கே பயன்படுத்துதல் ஆகாது. புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்: அழகான சொல் கிடைத்த மகிழ்ச்சியில் ‘நான் புறப்படுகிறேன்’ என்பதற்கு ‘குலா பதே திண்டாக்’ என்பார்கள், அது ‘நான் எழுந்தருளப் போகிறேன்’ என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்வது போன்றது. தமக்கு உரிய சொல் ‘கெசாஹ்’. கேட்பவர் பெரும்பாலும் புன்னகைப்பாரே தவிரத் திருத்தமாட்டார். ஐயம் எழும்போது, ‘பாக்’ (ஐயா), ‘பு’ (அம்மா) என்று விளித்துப் பஹாசாவிலேயே பேசுவது குற்றமற்ற வழி.

‘ஆம்’ என்று அகராதி பொருள் தரும் ‘இங்கிஹ்’ இதைவிடக் கடினமானது. பிணக்கின்றி ஒத்திருத்தலைக் குறிக்கும் ‘ருக்குன்’ என்ற விழுமியமும், பிறரைச் சங்கடப்படுத்தத் தயங்கும் ‘சுங்கான்’ என்ற உணர்வும் நேருக்கு நேர் மறுப்பதைத் தடுப்பதால், அச்சொல் பல வேளைகளில் ‘சொன்னது காதில் விழுந்தது’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தொடர்ந்து நாளோ நேரமோ வந்தால் சம்மதம் என்றும், பேச்சு வானிலைக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ திரும்பினால் மறுப்பு என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். ஆகவே ‘வர முடியுமா?’ என்று கேட்டுப் பொய்யான சம்மதத்தைப் பெறுவதினும், ‘எந்த நாள் வசதிப்படும்?’ என்று கேட்பது பயன் தரும். இதை நேர்மையின்மை என்று குறைகூறுவோர் உண்டு. ஆனால் மறுப்பைத் தெளிவாகவே உணர்த்தி, மறுக்கப்பட்டவரின் முகத்தையும் காக்கும் முறையை ஏமாற்று என்பது பொருந்தாது.

வாசலைக் கடப்பவரிடம் ‘மங்கா பினாராக்’, அதாவது ‘உள்ளே வந்து அமருங்கள்’, என்பது பெரும்பாலும் நலம் விசாரிப்பே. நன்றி சொல்லிவிட்டு நடையைத் தொடர்வதே வழக்கம். உண்மையாகவே விருந்தினராகச் சென்றாலோ, தேநீர் வைக்கப்பட்ட உடனே கண்ணாடிக் குவளையைத் தொடலாகாது. அதன் மூடியில் நீர் முத்துகள் அரும்பி, தேநீர் ஆறத் தொடங்கினாலும், வீட்டார் ‘மங்கா’ (எடுத்துக்கொள்ளுங்கள்) என்று சொல்லும்வரை காத்திருப்பதே முறை.

ஜாவாவுக்கு வெளியே வழக்கங்கள் வேறு. மேற்குச் சுமாத்ராவின் மினாங்கபாவு மக்கள் பேச்சை மலைப்பாதையாக உருவகித்து நான்காக வகுத்துள்ளனர்: மூத்தோரிடம் ஏறும் சொல், இளையோரிடம் இறங்கும் சொல், ஒத்த வயதினரிடம் சமதளச் சொல், மணவழி உறவினரிடம் சரிவுச் சொல். தாய்வழிச் சமூகமாதலால், மனைவியின் வீட்டில் வாழும் மருமகனிடம் எதையும் நேராகச் சொல்லாமல் உவமையால் உணர்த்துவதே இந்தச் சரிவு. வடக்குச் சுமாத்ராவின் பாதாக் மக்களோ உரத்தும் வெளிப்படையாகவும் பேசுவோர். அறிமுகமானதும் ‘மார்கா’ எனும் குலப்பெயரைக் கேட்டு உறவுமுறையைக் கணக்கிட்ட பிறகே விளிப்பெயரை முடிவு செய்வர். ஜாவாவில் பண்பாகத் தோன்றிய தயக்கம் அங்கே எதையோ மறைப்பதாகப் படக்கூடும்.

பிள்ளைகள் கிரமாவில் பிழைபட்டுப் பெரியவர்களிடம் மரியாதை தவறிவிடுவார்களோ என்று அஞ்சி, ஜாவாவின் நகரங்களில் பெற்றோர் பலர் வீட்டிலும் பஹாசாவையே பேசுகின்றனர். அப்பிள்ளைகள் பாட்டியின் முன் நிற்கும்போது முதுகு தானாகவே சற்று வளைகிறது, சொல் மட்டும் வருவதில்லை.