பியானோ கற்கலாம், வாருங்கள்!

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் என் பேத்தி கீபோர்டு வாசிக்க, என் மனைவி பாட, நானும் ஓரமாக உட்கார்ந்து இடது கையால் இரண்டு கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்த நண்பர்கள் சிலர், "இந்த வயதில் எங்கே சார் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார்கள். அதையே எழுதித் தாருங்கள் என்றார் மலரின் ஆசிரியர். நான் வித்வான் அல்லன். இரண்டு ஆண்டுகளாகப் படிக்கும் ஆரம்ப மாணவன். ஆனால் தடுமாறிய இடங்கள் இன்னும் மறக்கவில்லை; அவை உங்களுக்கும் உதவக்கூடும்.

என் மனைவி பாண்டுப்பில் பல குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தந்தவள். பேத்தியையும் சரளி வரிசைக்கு உட்கார வைத்தாள். நான்கு மாதம் ஆனது. ஒரு நாள் பேத்தி, "எனக்குப் பாட்டு வேண்டாம் பாட்டி, கீபோர்டுதான் வேணும்" என்று சொல்லிவிட்டாள். மனைவி கோபிக்கவில்லை, சுருதிப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். வீட்டில் அதன் பிறகு பாட்டுச் சத்தமே இல்லை. பேத்திக்குத் துணையாக முலுண்டில் ஓர் ஆசிரியையிடம் நானும் போய்ச் சேர்ந்தேன்.

எதை வாங்குவது?

பியானோ என்பது 1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய வாத்தியம். அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் தந்தி மீட்டப்படும். ஓசை எப்போதும் ஒரே அளவுதான். பியானோவில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது. மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஓசை, அழுத்தித் தொட்டால் பெரிய ஓசை. இந்த வாத்தியத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. இன்றைய பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36, ஆக 88 கட்டைகள்.

நம் சால் வீடுகளில் பெரிய பியானோவுக்கு இடமில்லை. மும்பையின் மழைக்கால ஈரம் அதன் மரத்துக்கும் தந்திக்கும் ஆகாது. ஆரம்பத்துக்கு 61 கட்டை உள்ள கீபோர்டு போதும். ஆனால் தொடும் வேகத்துக்கு ஏற்ப ஓசை கூடிக் குறைவதாக இருக்க வேண்டும். கடையில் இதை வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். 1865 முதல் நடந்துவரும் ஃபுர்தாடோஸ் கடைக்குத் தோபி தலாவ் வரை போய் நாங்கள் பத்துக் கீபோர்டுகளைத் தொட்டுப் பார்த்தோம். ஹெட்போன் மாட்டும் வசதியும் அவசியம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் தூங்க வேண்டும் அல்லவா!

முதல் பாடம்: ஸட்ஜம் எங்கே?

கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக மாறி மாறி இருக்கும். இரண்டு கறுப்பு சேர்ந்திருக்கும் இடத்துக்குச் சற்று இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டை 'சி'. அதை ஸட்ஜமாக வைத்து வரிசையாக எட்டு வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும்.

பாடகர்கள் 'ஒரு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று சுருதி சொல்கிறார்களே, அந்தக் கணக்கும் இந்தக் கட்டைகளை எண்ணி வந்ததுதான். 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து. 'ஜி'க்கு அடுத்த கறுப்பு ஐந்தரை. ஆக, நமக்கு இது முற்றிலும் அந்நியமான வாத்தியம் அன்று.

இரண்டாம் பாடம்: விரல் எண்கள்

இரு கைகளிலும் கட்டை விரல் 1, சுண்டு விரல் 5. முழங்கை கட்டைகளின் உயரத்தில் இருக்கும்படி உட்காருங்கள். உள்ளங்கைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதுபோல் விரல்கள் வளைந்திருக்கட்டும். வலது கையின் ஐந்து விரல்களை ஸ ரி க ம ப மீது வைத்து ஏறி இறங்குங்கள். என் கைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்.பி.எஸ். சாலைத் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவை. நான்காம் விரல் தனியாக எழுந்திருக்கவே மறுத்தது. எல்லோருக்கும் அது சோம்பேறி விரல்தான் என்று ஆசிரியை சொன்ன பிறகே நிம்மதி!

ஐந்து விரலால் எட்டு ஸ்வரம் வாசிப்பது எப்படி? ஸ ரி க மூன்றையும் 1, 2, 3 விரல்களால் வாசித்து, கட்டை விரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து மத்தியமத்தில் வைக்க வேண்டும். பிறகு ம ப த நி ஸ 1, 2, 3, 4, 5. இடது கைக்கு 5, 4, 3, 2, 1. அதன்பின் மூன்றாம் விரல் மேலே தாண்டி 3, 2, 1.

இனி நம் மாயாமாளவகௌளை. அதே விரல்கள்தாம். ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் மட்டும் வெள்ளைக்குப் பதில், ஸட்ஜத்தை அடுத்த கறுப்பும் பஞ்சமத்தை அடுத்த கறுப்பும். சரளி வரிசையின் முதல் காலத்தில் தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மேலைநாட்டாரின் குவார்ட்டர், எட்டாம், பதினாறாம் நோட்டுகளும் இதே கணக்குத்தான்.

நான் செய்த தவறு

ஹார்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். பியானோவில் இரு கைகளுக்கும் தனித்தனி வேலை. முதல் மாதத்திலேயே இரு கைகளையும் சேர்த்து வேகமாக வாசிக்கும்படி பேத்தியை அவசரப்படுத்தினேன். தப்பும்போதெல்லாம் "திரும்ப முதலிலிருந்து" என்றேன். அழுதுகொண்டு எழுந்துபோனவள் இரண்டு வாரம் கீபோர்டைத் தொடவில்லை. தவறு என்னுடையதே.

பிறகு ஆசிரியை சொன்ன வழி இது: வலது கை தனியாக, இடது கை தனியாக, பின்பு பாதி வேகத்தில் இரண்டும். தப்பிய இடத்தின் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் ஐந்து முறை வாசிக்க வேண்டும், முதலிலிருந்து அன்று. தினம் 20 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட மேல்.

தீட்சிதர் தந்த பாடப் புத்தகம்

முதலில் எந்தப் பாட்டு வாசிப்பது? முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டுஸ்வரங்கள், சுமார் 40 உண்டு. சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல் நேராக நடப்பவை. அவற்றுள் 'சியாமளே மீனாட்சி'யின் மெட்டும், நம் குழந்தைகள் பள்ளியில் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டும் ஒன்றே. ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவி, தைவதத்தைத் தொட்டு, படிப்படியாக இறங்கும். ஆறே கட்டைகள்!

பேத்தி ஒரு மாலை அதை வாசித்துக்கொண்டிருந்தாள். அடுக்களையிலிருந்து மனைவி அதே மெட்டில் 'சியாமளே' பாடத் தொடங்கினாள். சுருதி சேரவில்லை. அவளுடையது ஐந்தரைக் கட்டை. குழந்தை வாசித்தது ஒரு கட்டையில். பேத்தி 'ட்ரான்ஸ்போஸ்' பொத்தானை நான்கு படி கீழே இறக்கிவிட்டு, "இப்போ பாடு பாட்டி" என்றாள். அன்றிரவு சுருதிப் பெட்டி அலமாரியிலிருந்து வெளியே வந்தது.

ஒரு எச்சரிக்கை. தோடியின் காந்தார அசைவைப் பியானோ தராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே அதற்கு வழியில்லை. அதைத் தொண்டையில்தான் கற்க வேண்டும். ஆகவே இதைப் பாட்டுக்கு மாற்றாக எண்ணாதீர்கள், துணையாகக் கொள்ளுங்கள். இளையராஜாவும் ரகுமானும் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையை முறையாகப் பயின்றவர்கள். அதனால் அவர்கள் நம் ராகங்களை விட்டுவிடவில்லையே!

சான்றிதழ் வேண்டுவோருக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரி இந்தியாவிலும் கிரேடு 8 வரை தேர்வுகள் நடத்துகிறது. பேத்தி முதல் கிரேடுக்குத் தயாராகிறாள். நான் தேர்வு எழுதப்போவதில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் மாலையில் பேத்தி பாட்டியிடம் பாட்டுக்கு உட்காருகிறாள். நான் ஸ்வரம் பிடிக்கிறேன். உங்கள் வீட்டிலும் பரண் மேல் ஒரு கீபோர்டு தூங்கிக்கொண்டிருக்கலாம். இறக்கித் தூசி தட்டுங்கள். முதலில் ஸட்ஜத்தைத் தேடுங்கள்.