டெலஸ்கோப் வாங்குறதுக்கு முன்னாடி மவுண்டைப் பாருங்க

கிளப்புக்கு டெலஸ்கோப் வாங்கப் போறோம்னு சொன்னதும் வர்ற முதல் கேள்வி "எத்தனை இன்ச்?" அடுத்தது "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" குழாயைத் தாங்கி நிற்கிற மவுண்டைப் பத்தி யாரும் கேட்பதில்லை. ஆனா வாங்கின டெலஸ்கோப் ராத்திரி வெளியே வருமா, இல்ல லேப் அலமாரிக்கு மேல தூசி பிடிச்சு உட்காருமா என்பதை முடிவு பண்றது பெரும்பாலும் மவுண்ட்தான். கிளப்புக்குப் பணம் ஒதுக்குவது அடிக்கடி நடக்கிற விஷயமும் இல்லை. அதனால இந்தக் கட்டுரையில குழாயை ஓரமா வெச்சுட்டு, கம்ப்யூட்டர் வெச்ச மவுண்ட் உள்ளுக்குள்ள என்ன கணக்குப் போடுதுன்னு பார்க்கலாம்.

ஒரு எண்ணை மட்டும் முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. நட்சத்திரங்களை வெச்சு அளந்தா பூமி ஒரு சுற்று முடிக்க எடுக்கும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. 360 டிகிரியை இதால வகுத்தா, வானம் விநாடிக்குச் சுமார் 15 ஆர்க் செகண்ட் நகருது. (ஒரு டிகிரிக்கு 3600 ஆர்க் செகண்ட்.) நிலாவின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரி. அப்படின்னா ரெண்டே நிமிஷத்துல வானம் ஒரு நிலா அகலம் நகர்ந்துடும். 100 மடங்கு பெரிதாக்கும் ஐபீஸ் வழியா தெரியறதே கிட்டத்தட்ட அந்த அரை டிகிரிதான். நடுவுல வெச்ச சனி கிரகம் ஒரு நிமிஷத்துல ஓரத்தைத் தாண்டிப் போயிடும். வரிசையில நிற்கிற ஜூனியர் பசங்க குனிஞ்சு பார்க்கும்போது அங்க ஒண்ணும் இருக்காது.

ஆக மவுண்டுக்கு ரெண்டு வேலை: கேட்ட பொருளைத் தேடிப் பிடிக்கணும், பிடிச்சதை விடாம தொடரணும். முதல் வேலைக்கு கோ-டூ என்று பேர், ரெண்டாவதுக்கு டிராக்கிங். விளம்பரத்துல ரெண்டையும் ஒண்ணா சேர்த்து "கம்ப்யூட்டரைஸ்டு" என்று போட்டுடுவாங்க. ரெண்டும் வேற வேற. முதலாவது பெரும்பாலும் சாஃப்ட்வேர் கணக்கு, ரெண்டாவது பெரும்பாலும் இரும்பும் பல்சக்கரமும்.

தேடிப் பிடிக்கும் கணக்கு

கைக்கருவியில நீங்க தேதி, நேரம், ஊர் மூணையும் கொடுக்கிறீங்க. அதை வெச்சு, இந்த நொடியில எந்த நட்சத்திரம் எந்தத் திசையில, எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு அது கணக்குப் போட்டுடும். ஆனா தான் எப்படி நிக்கிறோம்னு மவுண்டுக்குத் தெரியாது. முக்காலி சாய்ஞ்சிருக்கலாம், வடக்குன்னு நீங்க வெச்சது வடக்கா இல்லாம இருக்கலாம். இந்தச் சாய்வை மூணு கோணங்களால சொல்லிடலாம். மேத்ஸ் வகுப்புல பார்த்த ரொட்டேஷன் மேட்ரிக்ஸ் அதேதான். ஒரு நட்சத்திரத்தை நீங்க ஐபீஸ் நடுவுல கொண்டு வந்து பட்டனை அழுத்தினா ரெண்டு எண்கள் கிடைக்கும், ஒவ்வொரு அச்சுக்கும் ஒண்ணு. தெரியாதது மூணு, கையில ரெண்டு. ஒரு பந்துல ஒரு ஊசியை மட்டும் குத்திப் பிடிச்சா பந்து அந்த ஊசியைச் சுத்தி உருளும் இல்லையா, அதே கதை. ரெண்டாவது ஊசி குத்தினா பந்து நின்னுடும். அதனாலதான் ரெண்டு நட்சத்திரம் கேட்குது. ரெண்டு ஊசியும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா பிடி தளர்வா இருக்கும், நேர் எதிரெதிரா இருந்தாலும் உருளும். வானத்துல நல்லா தள்ளித் தள்ளி இருக்கிற ரெண்டைத் தேர்ந்தெடுங்க.

திரையில வர்ற பேர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆர்க்டரஸ் நம்ம சுவாதி, ஸ்பைகா சித்திரை, அல்டெபரான் ரோகிணி, ரெகுலஸ் மகம், அன்டாரஸ் கேட்டை, ஆல்டேர் திருவோணம். பாட்டிக்குத் தெரிஞ்ச பட்டியல்தான்.

பழகாத குழு தடுமாறுற இடம் வானத்துல இல்ல, டைப் பண்றதுல. பல கைக்கருவிகள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதல்ல, நாளை அடுத்துக் கேட்கும். டே-லைட் சேவிங் இருக்கான்னு கேட்டா இல்லைன்னு கொடுங்க. நேர மண்டலம் +5:30. அந்த அரை மணியை விட்டுட்டு +5 என்று போட்டா, டெலஸ்கோப் ஏழரை டிகிரி தள்ளி நிற்கும். ஏழரை நிஜமாவே வேலையைக் காட்டுற இடம் இது ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

ரெண்டு வகை, ஒரு மலை

மவுண்ட் அமைப்பு அடிப்படையில ரெண்டு வகை. ஆல்ட்-அஸிமத்: இடம் வலமா ஒரு அச்சு, மேல கீழா ஒரு அச்சு, பீரங்கி மாதிரி. ஈக்குவடோரியல்: ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ச்சு வெச்சுட்டா, அந்த ஒரே அச்சைச் சீரான வேகத்துல சுத்தினாப் போதும், நட்சத்திரம் அசையாம நிற்கும்.

இதுக்கு நம்ம ஊர்லயே பிரமாதமான உதாரணம் இருக்கு. ஊட்டி பக்கத்துல முத்தோரையில 1970-ல் முடிக்கப்பட்ட ரேடியோ டெலஸ்கோப். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு, சுமார் 11 டிகிரி சரிவுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடிச்சு அங்க கட்டினாங்க. அந்த இடத்தின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. சரிவோட சேர்த்துப் படுக்க வெச்சதுமே டெலஸ்கோப்பின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிடுச்சு! அந்த ஒரு அச்சைச் சுத்தியே ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல தொடர முடியும். மலையே மவுண்ட்.

ஆல்ட்-அஸிமத்துல இந்தச் சௌகரியம் கிடையாது. ரெண்டு மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடணும், வேகமும் நொடிக்கு நொடி மாறணும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல பெரிய டெலஸ்கோப்புக்கு இது சரிப்படாது, அதனால கலிஃபோர்னியாவின் 5 மீட்டர் ஹேல் டெலஸ்கோப் ஈக்குவடோரியல். ஜவ்வாது மலையில காவலூர்ல 1986-ல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பும் அப்படித்தான். லடாக்கின் ஹான்லேயில் இருக்கிற 2 மீட்டர் சந்திரா டெலஸ்கோப் ஆல்ட்-அஸிமத். ஒரே நிறுவனத்தின் ரெண்டு டெலஸ்கோப், இடையில கம்ப்யூட்டர் மலிவாயிடுச்சு.

அப்போ நாமளும் ஆல்ட்-அஸிமத் வாங்கிடலாமா? கண்ணால பார்க்க மட்டும்னா தாராளமா. படம் எடுக்கணும்னா ஒரு சிக்கல் இருக்கு. நட்சத்திரம் நடுவுல நின்னாலும், அதைச் சுத்தி இருக்கிற காட்சி மெதுவாத் திரும்பும். பெரிய டெலஸ்கோப்புகள்ல கேமராவையே எதிர்ப்பக்கமா சுத்தி இதைச் சரி பண்ணுவாங்க. இந்தத் திருப்பத்தின் வேகம், மணிக்கு டிகிரியில்:

15 × கொசைன் (அட்சரேகை) × கொசைன் (திசைக்கோணம்) ÷ கொசைன் (உயரம்)

சிரியஸ் நட்சத்திரம் நேர் தெற்கே வரும்போது கணக்குப் போடுங்க. (மைனஸ் குறி திரும்பும் பக்கத்தை மட்டும் சொல்லுது, விட்டுடலாம்.) லண்டன்ல அது 22 டிகிரி உயரத்துல இருக்கும், மணிக்கு 10 டிகிரி திரும்பும். சென்னையில 60 டிகிரி உயரம், மணிக்கு 29 டிகிரி! அட்சரேகை குறைவு, நட்சத்திரம் உச்சிக்குப் பக்கம், ரெண்டும் சேர்ந்து நமக்கு மூணு மடங்கு அடி. 10 விநாடி எக்ஸ்போஷர்ல, நடுவிலிருந்து 2000 பிக்சல் தள்ளி இருக்கிற நட்சத்திரம் கிட்டத்தட்ட 3 பிக்சல் நீளத்துக்குக் கோடாகும். 30 விநாடின்னா 8 பிக்சலுக்கு மேல. வெளிநாட்டு வீடியோவில "ஆல்ட்-அஸிமத்ல 30 விநாடி எடுத்தேன், சூப்பரா வந்துச்சு" என்று சொன்னா, எந்த ஊர்ல, எந்தத் திசையிலன்னு முதல்ல பாருங்க. நேர் கிழக்கு, நேர் மேற்குல இந்தத் திருப்பம் பூஜ்யம். நாமளும் அந்தப் பக்கமா எடுத்துச் சமாளிக்கலாம். நிலா, வியாழன், சனிக்கு இந்தக் கவலையே இல்லை. அங்க சில மில்லி விநாடிப் படங்களை ஆயிரக்கணக்கா வீடியோவா எடுத்துத்தான் அடுக்குவோம்.

தொடர்றதுதான் கஷ்டம்

நெபுலா, கேலக்ஸி படம்தான் ஆசைன்னா ஈக்குவடோரியல் வேணும். வாங்கினா மட்டும் போதாது, அதன் பல்சக்கரத்தைப் புரிஞ்சுக்கணும்.

200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப், 5-க்கு 1 பெல்ட், கடைசியில 180 பல் வார்ம் கியர்னு வெச்சுக்கோங்க. ஒரு முழுச் சுற்றுக்கு 28,80,000 ஸ்டெப். ஒரு ஸ்டெப் 0.45 ஆர்க் செகண்ட். கேட்க அருமையா இருக்கு. ஆனா அந்த வார்ம் திருகு ஒரு சுற்று சுத்த 479 விநாடி ஆகும், அதன் கடைசல்ல இருக்கிற சின்னக் கோணல் எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை டெலஸ்கோப்பை முன்னும் பின்னும் ஆட்டும். இதுக்கு பீரியாடிக் எரர்னு பேர். மொத்த ஆட்டம் 30 ஆர்க் செகண்ட்னு வெச்சா, மோசமான இடத்துல விநாடிக்கு 0.2 ஆர்க் செகண்ட் விலகும். 750 மில்லிமீட்டர் குவியத்தூரம், 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவுக்கு ஒரு பிக்சல் ஏறக்குறைய ஒரு ஆர்க் செகண்ட். அஞ்சு விநாடியில ஒரு பிக்சல் போச்சு. அதே கேமராவில 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டா ஒரு பிக்சல் 15 ஆர்க் செகண்ட். இந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியாது. குவியத்தூரம் கூடக் கூட மவுண்டின் குறை பெருசாகிட்டே போகும்.

இதைச் சரி பண்றது உங்களுக்குத் தெரிஞ்ச வழிதான், ஃபீட்பேக். பக்கத்துல ஒரு சின்னக் குழாய், அதுல ஒரு சின்னக் கேமரா. சில விநாடிக்கு ஒரு தடவை ஒரு நட்சத்திரத்தைப் படம் எடுத்து, அது எவ்வளவு நகர்ந்துச்சுன்னு பார்த்து மோட்டாருக்குத் திருத்தம் அனுப்பும். பிஎச்டி2 என்ற இலவச சாஃப்ட்வேர் இதைச் செய்யுது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல கெயின் அதிகமானா ஆஸிலேட் ஆகும்னு படிச்சதை இங்க கிராஃபா நேர்ல பார்க்கலாம்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினை. அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையா வைக்கத் துருவ நட்சத்திரம் தெரியணும். அது சென்னையில 13 டிகிரி உயரம், நாகர்கோவில்ல 8 டிகிரி. மரம், ஹாஸ்டல் கட்டடம், தூசி, டவுன் வெளிச்சம் எல்லாம் அதே உயரத்துலதான். வாங்கும் முன்னாடி அந்த மவுண்டின் சாய்வு எத்தனை டிகிரி வரைக்கும் இறங்கும்னு கட்டாயம் பாருங்க. 10 டிகிரியோட நிற்கிற மவுண்ட் கன்னியாகுமரி மாவட்டத்துல சரியா உட்காராது. இவ்வளவு இறக்கினா எதிர் எடை கம்பி முக்காலிக் காலை இடிக்குதான்னும் பாருங்க.

துருவ நட்சத்திரமே தெரியலைன்னா? பிளேட் சால்விங் இருக்கு. தெரியற வானத்துல ஒரு படம் எடுத்தா, நட்சத்திரக் கூட்டங்களின் வடிவத்தைப் பட்டியலோட ஒப்பிட்டு "நீ பார்க்கிறது இங்கதான்" என்று சொல்லிடும். அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்தி மூணு படம் எடுத்தா மூணு புள்ளி கிடைக்கும். மூணு புள்ளி வழியா ஒரு வட்டம் போட்டா அதன் மையம்தான் உங்க அச்சு பார்க்கிற இடம். துருவத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்குன்னு திரையில பார்த்துக்கிட்டே திருகைத் திருப்பலாம். கேஸ்டார்ஸ், நினா ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் இந்த வசதி இருக்கு.

கிளப் என்ன வாங்கலாம்?

என் கருத்து இது. பார்வையாளர் இரவும் கிரகப் படமும் மட்டும் போதும்னா ஆல்ட்-அஸிமத் கோ-டூ வாங்குங்க. அஞ்சு நிமிஷத்துல ரெடி ஆகும், தூக்கிட்டுப் போகவும் லேசு. நெபுலா வேணும்னா குழாயைச் சின்னதாக்குங்க. 80 மில்லிமீட்டர் லென்ஸ் குழாய் போதும், மிச்சப் பணம் எல்லாம் ஈக்குவடோரியல் மவுண்டுக்கு. அட்டவணையில போட்டிருக்கிற எடையில பாதிதான் படம் எடுக்கும்போது ஏத்தலாம்னு வெச்சுக்கோங்க.

மூணாவது வழியும் இருக்கு. மோட்டார் இல்லாத பழைய ஈக்குவடோரியல் மவுண்ட் எங்கயாவது சும்மா கிடந்தா, ஆன்ஸ்டெப் என்ற ஓப்பன் சோர்ஸ் கண்ட்ரோலரைத் தேடிப் பாருங்க. ஈஎஸ்பி32 அல்லது டீன்ஸி போர்டு, ரெண்டு ஸ்டெப்பர் மோட்டார், ரெண்டு டிரைவர், பெல்ட், புல்லி. மெக்கானிக்கல், ஈசிஇ, சிஎஸ்ஈ மூணு டிபார்ட்மெண்டுக்கும் இதுல வேலை இருக்கு. மேலே சொன்ன கியர் கணக்கையே எடுத்துக்கோங்க: நட்சத்திரத்தைத் தொடரும்போது மோட்டாருக்கு விநாடிக்கு 33 ஸ்டெப், வேற பொருளுக்கு விநாடிக்கு 2 டிகிரி வேகத்துல ஓடும்போது 16,000 ஸ்டெப். ரெண்டையும் ஒரே மோட்டார் நடுங்காம, ஸ்டெப் தவறாம செய்யணும். ஓடும்போது மைக்ரோஸ்டெப்பைக் குறைச்சு, நின்னதும் கூட்டுறதுன்னு ஆன்ஸ்டெப்ல ஒரு வழி இருக்கு. மவுண்ட் இல்லாமலே மேஜை மேல போர்டையும் மோட்டாரையும் வெச்சு இதை முதல்ல ஓட்டிப் பார்க்கலாம். மழைக்காலத்துல வானம் எப்படியும் தெரியப் போறதில்லை.